எகிப்து: பெயர் வரலாறு

எகிப்து என்பது ஆப்பிரிக்காவின் வடகிழக்கு மூலையில், நைல் ஆற்றின் கீழ்ப்பகுதியில் அமைந்த நாட்டுக்குத் தமிழில் வழங்கும் பெயர். அந்நாட்டு மக்கள் தம் நாட்டை இப்பெயரால் அழைப்பதில்லை. அவர்கள் எழுதும் அரபியில் அது மிஸ்ர், பேச்சில் மஸ்ர். பிரமிடுகளைக் கட்டிய காலத்து மக்களுக்கோ எகிப்து, மிஸ்ர் என்ற இரண்டு பெயர்களும் தெரியாது. அவர்களின் வழிவந்த மொழியில் நிலைத்த பெயர் கெமெத்.

எகிப்து, மிஸ்ர், கெமெத் ஆகிய மூன்றும் ஒரே சொல்லின் திரிபுகள் அல்ல. ஒவ்வொன்றுக்கும் வேர் வேறு, பொருள் வேறு, பயணம் செய்த வழியும் வேறு. கெமெத் மண்ணின் நிறத்தைக் குறித்தது. எகிப்து ஒரு கோயிலின் பெயரிலிருந்து வந்தது. மிஸ்ர் பெரும்பாலும் எல்லை என்ற கருத்திலிருந்து பிறந்ததாகக் கருதப்படுகிறது. இன்று உலக மொழிகளில் இந்நாட்டுக்கு வழங்கும் பெயர்களில் மிகப் பல இந்த மூன்று ஊற்றுகளில் ஒன்றைச் சேர்ந்தவை.

கெமெத்: கரிய நிலம்

பண்டை எகிப்திய மொழியில் 'கெம்' என்றால் கருமை. அதிலிருந்து வந்த கெமெத், கரிய நிலம் எனப் பொருள்படும். ஆண்டுதோறும் கோடையில் எத்தியோப்பிய மலைகளில் பெய்த மழை நைலில் வெள்ளமாக இறங்கி, இரு கரைகளிலும் கரிய வண்டலைப் பரப்பிச் சென்றது. அந்த வண்டலில்தான் கோதுமையும் பார்லியும் ஆளியும் விளைந்தன. வண்டல் முடியும் இடத்தில் பாலைவனம் தொடங்கும். அதற்குத் 'தெஷ்ரெத்' என்று பெயர். சிவந்த நிலம் என்பது பொருள். வயலின் கடைசி வரப்புக்கு அப்பால் காலை வைத்தால் மணல் என்னும் அளவுக்கு இந்தக் கோடு இன்றும் பல இடங்களில் துல்லியமாகத் தெரிகிறது. நாட்டின் பரப்பு சுமார் 10 லட்சம் சதுர கிலோமீட்டர். அதில் பயிர் ஏறும் நிலம் ஒரு சிறு கீற்றுதான். அந்தக் கீற்றைத்தான் பழைய மக்கள் தம் நாடு என்று எண்ணிப் பெயரிட்டார்கள்.

இப்பெயரை எழுதிய விதமும் கவனிக்கத்தக்கது. படவெழுத்தில் கெமெத் என்ற சொல் பெரும்பாலும் நான்கு குறிகளால் எழுதப்பட்டது. முதலில் முதலைத் தோலின் துண்டு எனக் கருதப்படும் குறி. அதன் ஒலி 'க்ம்'. அடுத்து 'ம்' ஒலியை உறுதிசெய்யும் ஆந்தை. பிறகு 'த்' ஒலிக்குரிய சிறு அப்பம். கடைசியில் ஒரு வட்டம். அதனுள் ஒன்றையொன்று வெட்டும் இரண்டு தெருக்கள். இந்த வட்டத்துக்கு ஒலி கிடையாது. முன்னே உள்ள சொல் மக்கள் வாழும் இடத்தைக் குறிக்கிறது என்று படிப்பவருக்குச் சொல்லும் பொருட்குறி அது.

படவெழுத்தில் உயிர் ஒலிகள் எழுதப்படுவதில்லை. எனவே 'கெமெத்' என்பது ஆய்வாளர்கள் வாசிப்பின் வசதிக்காக எகரம் சேர்த்துச் சொல்லும் வடிவமே. உண்மையான உயிரொலியை அறியக் காப்டிக் மொழி உதவுகிறது. பண்டை எகிப்திய மொழியின் கடைசிக் கட்டமான காப்டிக், கிரேக்க எழுத்துகளோடு சில கூடுதல் எழுத்துகளைச் சேர்த்து எழுதப்பட்டதால் அதில் உயிர் ஒலிகள் பதிவாயின. தெற்கே வழங்கிய சாகிதிக் வட்டார வழக்கில் நாட்டின் பெயர் கேமே; வடக்கின் பொஹைரிக் வழக்கில் கேமி, முதல் ககரம் மூச்சோடு ஒலிக்கும். எகிப்தியன் என்பதற்குச் சாகிதிக் சொல் 'ர்ம்ன்கேமே', அதாவது கேமேயின் மனிதன். பழைய மொழியில் 'கெமெத்தின் மக்கள்' என்று வழங்கிய தொடரே ஈராயிரம் ஆண்டுகளுக்கும் மேலாகத் தேய்ந்து இந்த ஒற்றைச் சொல்லாகியது.

கிரேக்க எழுத்தாளர் புளூட்டார்க், ஐசிஸ் ஒசிரிஸ் கதையைப் பற்றிய தம் நூலில், எகிப்தியர் தம் நாட்டைக் 'கேமியா' என்று அழைப்பதையும், மண்ணின் கருமையே அதற்குக் காரணம் என்பதையும் குறிப்பிடுகிறார். இச்சொல்லுக்கு இன்னொரு வாரிசும் இருக்கலாம். உலோகங்களை மாற்றும் கலைக்குக் கிரேக்கர் வழங்கிய பெயர் அரபியில் 'அல்-கீமியா' ஆகி, ஐரோப்பிய மொழிகளில் ரசவாதத்தையும் பின்னர் கெமிஸ்ட்ரியையும் குறித்தது. அந்தக் கிரேக்கச் சொல் எகிப்தின் பெயரிலிருந்து வந்தது என்பது ஒரு கருத்து. உலோகத்தை உருக்கி வார்ப்பதைக் குறிக்கும் கிரேக்க வினையிலிருந்து வந்தது என்பது மறுகருத்து. இரண்டுக்கும் ஆதரவாளர் உண்டு.

இரு நிலங்கள்

கெமெத் தவிர வேறு பெயர்களும் பண்டை எகிப்தியரிடம் இருந்தன. அரசு ஆவணங்களில் 'தாவி' என்பது மிகுதி. 'தா' என்றால் நிலம். தாவி என்பது அதன் இருமை வடிவம், இரண்டு நிலங்கள். தெற்கே குறுகலான ஆற்றுப் பள்ளத்தாக்கான மேல் எகிப்தும், வடக்கே விசிறிபோல் விரியும் கழிமுகமான கீழ் எகிப்தும் கி.மு. 3100ஐ ஒட்டி ஒரே ஆட்சியின்கீழ் வந்தன. இணைந்த பிறகும் இரண்டும் இரண்டாகவே நினைக்கப்பட்டன. பாரோக்களின் பட்டங்களுள் 'இரு நிலங்களின் தலைவன்' என்பது நிலையாக இடம்பெற்றது. 'தா-மேரி' என்ற பெயர் பிற்காலத்தில் பரவலானது. அன்புக்குரிய நிலம் என்று அதைப் பொருள்கொள்வது வழக்கம்.

கோயிலிலிருந்து நாடு: ஐகுப்தோஸ்

எகிப்து என்ற பெயரின் மூலம் மெம்பிஸ் நகரில் உள்ளது. இன்றைய கெய்ரோவுக்குத் தெற்கே, மீத் ரஹீனா என்ற சிற்றூரை ஒட்டி அதன் இடிபாடுகள் கிடக்கின்றன. பழைய எகிப்தின் தொடக்ககாலத் தலைநகரம் இது. நகரின் தெய்வம் ப்தாஹ், கைவினைஞர்களின் காவலர். ப்தாஹ் உலகைத் தம் நெஞ்சத்தால் எண்ணி, நாவால் பெயர் சொல்லிப் படைத்தார் என்பது மெம்பிஸ் குருமாரின் கொள்கை. ஷபாக்கா என்ற மன்னர் வெட்டுவித்த கல்லில் அக்கொள்கை இன்றும் காணக் கிடைக்கிறது. கல் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் உள்ளது.

அவருடைய கோயிலுக்கு 'ஹூத்-கா-ப்தாஹ்' என்று பெயர். ஹூத் என்றால் பெரிய வீடு, மாளிகை. தமிழில் கோயில் என்ற சொல் கோவின் இல்லத்திலிருந்து வந்ததைப் போன்ற கருத்தே இது. கா என்பது உடலோடு சேர்ந்தும் உடலுக்குப் பின்னும் வாழும் உயிராற்றல். மொத்தத்தில் 'ப்தாஹ்வின் காவுக்கு உரிய மாளிகை' என்பது பொருள். கோயிலின் பெயர் காலப்போக்கில் கோயில் நின்ற நகரத்துக்கும் ஆனது. கோயிலின் பெயரே ஊரின் பெயராக நிற்பது தமிழ்நாட்டிலும் பழக்கமானதுதான்.

இந்தப் பெயர் எகிப்துக்கு வெளியே சென்றதற்குச் சான்றுகள் உண்டு. அமர்னா என்ற இடத்தில் 1887இல் கிடைத்த சுமார் 380 களிமண் பலகைகள், கி.மு. 14ஆம் நூற்றாண்டில் எகிப்து அரசவைக்கும் மேற்காசிய அரசர்களுக்கும் இடையே நடந்த கடிதப் போக்குவரத்து. அவற்றுள், இன்றைய லெபனானில் உள்ள பிப்லோஸ் நகரிலிருந்து வந்த கடிதங்களில் 'ஹிகுப்தாஹ்' என்ற பெயர் வருகிறது. அங்கே அது மெம்பிஸ் நகரைத்தான் குறிக்கிறது. சிரியக் கரையில் இருந்த உகாரித் நகரின் காவியங்களில், கைவினைத் தெய்வமான கோத்தர் வசிக்கும் இடம் 'ஹ்க்ப்த்' எனப்படுகிறது. கைவினைஞரின் தெய்வமான ப்தாஹ்வின் ஊரையே உகாரித் மக்கள் தம் கைவினைத் தெய்வத்துக்கு வீடாகக் கொடுத்திருக்கிறார்கள்.

கிரேக்கத்தில் இப்பெயரின் மிகப் பழைய தடம் எதிர்பாராத இடத்தில் இருக்கிறது. கிரீட் தீவின் க்னொசோஸ் அரண்மனையில் ஆடுகளின் கணக்கு எழுதிய களிமண் பலகைகள் கிடைத்தன. நேர்கோட்டு எழுத்து 'ஆ' எனப்படும் முறையில் எழுதப்பட்ட அவற்றை 1952இல் மைக்கேல் வென்ட்ரிஸ் படித்தறிந்தார். ஒரு பலகையில் ஆடுகளோடு சேர்த்து எழுதப்பட்ட ஆளின் பெயர் அய்-கு-பி-தி-யோ. ககரத்துக்கும் அதன் மெல்லொலிக்கும் அந்த எழுத்துமுறையில் தனித்தனிக் குறிகள் இல்லை. ஒரே 'க'வைக் காகத்திலும் தங்கத்திலும் வெவ்வேறாக ஒலிக்கும் தமிழருக்கு இது புதிதல்ல. எனவே அப்பெயரை 'ஐகுப்தியோஸ்' என்று வாசிக்கிறார்கள். எகிப்தியன் என்பது பொருள். அவர் எகிப்திலிருந்து வந்தவரோ, அங்கே போய்த் திரும்பியதால் பட்டப்பெயர் பெற்றவரோ, பலகை அதைச் சொல்லவில்லை. ஆனால் அந்தப் பெயர் மூவாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே கிரேக்கர் நாவில் பழகிவிட்டது என்பதை அது உறுதிசெய்கிறது.

ஹோமரின் ஒடிசியில் ஐகுப்தோஸ் இரண்டு பொருளில் வருகிறது. ஆண்பாலில் வந்தால் அது ஆறு, அதாவது நைல். பெண்பாலில் வந்தால் நாடு. கடல்வழியாக வந்த மாலுமிக்கு ஆற்று முகத்துவாரமே நாட்டின் வாசல் என்பதால் இரண்டுக்கும் ஒரே பெயர் போதுமானதாக இருந்தது. ஆற்றுக்கு நைலோஸ் என்ற பெயர் ஹெசியோடின் நூலில் வருகிறது. அதன்பின் ஐகுப்தோஸ் நாட்டுக்கு மட்டுமே உரியதாயிற்று. பெயர் எங்கிருந்து வந்தது என்று அறியாத கிரேக்கர், ஐகுப்தோஸ் என்று ஓர் அரசனையே கற்பித்து, அவனுக்கு ஐம்பது மகன்களையும் கொடுத்துக் கதை சொன்னார்கள்.

ஹூத்-கா-ப்தாஹ் எப்படி ஐகுப்தோஸ் ஆனது? பெண்பால் சொற்களின் இறுதித் தகரம் எகிப்திய மொழியிலேயே முன்பே மறைந்திருந்தது. அமர்னா கடிதங்களின் ஹிகுப்தாஹ் வடிவம் அதையே காட்டுகிறது. கிரேக்க நாவில் முதலிலும் கடைசியிலும் இருந்த ஹகர ஒலிகள் உதிர்ந்தன. நடுவில் இருந்த ககரம் மெலிந்தது. 'ஓஸ்' என்ற கிரேக்க விகுதி ஒட்டிக்கொண்டது. திருவல்லிக்கேணியை ஆங்கிலேயர் டிரிப்ளிக்கேன் ஆக்கியதைப் பார்த்தவர்களுக்கு இது பெரிய மாற்றமாகத் தோன்றாது. ஒரு நகரின் பெயர் முழு நாட்டுக்கும் பரவியதும் அரிதான நிகழ்வல்ல. மதராஸ் என்ற ஊர்ப் பெயரைக் கொண்டு தென்னாட்டவர் எல்லோரையும் மதராசி என்று வடக்கில் அழைத்தது நம் நினைவில் உள்ள எடுத்துக்காட்டு.

இதற்கிடையே அந்த நகரம் வேறு பெயருக்கு மாறியிருந்தது. சக்காராவில் முதலாம் பேபி மன்னர் கட்டிய பிரமிடின் பெயர் 'மென்-நெபெர்'. அப்பெயர் அருகிலிருந்த குடியிருப்புக்கும், பின் நகரம் முழுவதற்கும் ஆகி, கிரேக்கத்தில் மெம்பிஸ் எனப்பட்டது. இவ்வாறு கோயிலின் பெயர் நாட்டுக்குப் போனது. கல்லறையின் பெயர் நகரத்துக்கு நின்றது.

கிரேக்கத்திலிருந்து பரவிய வடிவங்கள்

ஐகுப்தோஸ் இலத்தீனில் ஈகிப்துஸ் ஆனது. அதிலிருந்து பிரெஞ்சு எஜிப்த், ஆங்கில ஈஜிப்ட், போலிஷ் எகிப்த் முதலியவை வந்தன. ஹங்கேரிய மொழியில் எகிப்தோம், ஜார்ஜிய மொழியில் எக்விப்தே, ஆர்மீனியத்தில் யெகிப்தோஸ். எத்தியோப்பியாவின் பழைய மொழியான கீஸிலும் இன்றைய அம்ஹாரிக்கிலும் வழங்கும் 'கிப்ஸ்' வகை வடிவங்களும் இதே வேரின. சீன மொழியில் இன்று எகிப்துக்கு வழங்கும் பெயரான ஐஜி, ஐரோப்பிய வடிவத்தின் ஒலிபெயர்ப்பு.

ஒரு தவறான அடையாளமும் இப்பெயரோடு ஒட்டிக்கொண்டது. 15ஆம் நூற்றாண்டில் மேற்கு ஐரோப்பாவுக்குள் வந்த ரோமா மக்களை எகிப்திலிருந்து வந்தவர்கள் என்று அங்குள்ளோர் எண்ணினர். ஆங்கிலத்தில் ஜிப்சி, ஸ்பானியத்தில் ஹிதானோ என்ற சொற்கள் 'எகிப்தியர்' என்பதன் திரிபுகளே. ரோமா மக்களின் மொழி வடஇந்திய மொழிகளுக்கு உறவானது என்பது 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் நிறுவப்பட்டது. இந்தியாவில் வேர்கொண்ட மக்களுக்கு எகிப்தின் பெயர் நிலைத்துவிட்டது. அச்சொல்லை அவர்களில் பலர் இழிவாகக் கருதுவதால் ரோமா என்றே வழங்குவது முறை.

கிப்து, காப்டிக்

கி.பி. 639 முதல் 642க்குள் அரபுப் படைகள் எகிப்தைக் கைப்பற்றின. அந்நாட்டு மக்களை அரபியர் 'கிப்த்' என்றனர். கிரேக்க ஐகுப்தியோஸின் முதல் அசை உதிர்ந்த வடிவம் இது. தொடக்கத்தில் எகிப்தியர் அனைவரையும் குறித்த இச்சொல், பெரும்பாலோர் இஸ்லாத்தை ஏற்ற பின், கிறித்தவர்களாகவே இருந்தவர்களுக்கு மட்டும் உரியதாகச் சுருங்கியது. ஐரோப்பியர் அதை வாங்கிக் காப்ட், காப்டிக் என்றனர். காப்டிக் திருச்சபை வழிபாட்டில் பொஹைரிக் வழக்கு இன்றும் ஓதப்படுகிறது. பாரோக்கள் பேசிய மொழியின் கடைசிக் குரல் அங்கேதான் கேட்கிறது. அந்த மக்களின் பெயருக்குள் ப்தாஹ்வின் பெயர் இருக்கிறது. அவர்களின் வழிபாட்டு மொழிக்குள் கேமியின் பெயர் இருக்கிறது.

மிஸ்ர்: எல்லைக்கு அப்பாலுள்ள நாடு

சீனாய்ப் பாலைக்குக் கிழக்கே வாழ்ந்த செமிட்டிய மொழியினர் எகிப்தியரின் சொல்லையும் எடுக்கவில்லை, கோயிலின் பெயரையும் நாட்டுக்குச் சூட்டவில்லை. அவர்களிடம் தனிப் பெயர் இருந்தது. அமர்னா கடிதங்களின் அக்காதிய மொழியில் எகிப்து 'மிஸ்ரி', அசீரிய ஆவணங்களில் 'முசுர்', உகாரித்தில் 'ம்ஸ்ர்ம்', எபிரேயத்தில் 'மிஸ்ராயிம்', அரமேயத்தில் 'மிஸ்ரைன்'. அக்காதியத்தில் 'மிஸ்ரு' என்பதற்கு எல்லை, எல்லைக்குட்பட்ட பகுதி என்ற பொருள் உண்டு. அதனால் எல்லை நாடு என்பதே இப்பெயரின் தொடக்கப் பொருள் என்பர். எபிரேய வடிவத்தின் ஈறு இருமை விகுதிபோல் ஒலிப்பதால் 'இரு நிலங்கள்' என்ற எகிப்தியக் கருத்தை அது எதிரொலிக்கிறது என்று சொல்வோரும் உண்டு.

பாரசீகப் பேரரசர் முதலாம் தாரியஸ் காலத்தில் இப்பெயர் பழம்பாரசீகத்தில் 'முத்ராய' ஆனது. 1972இல் ஈரானின் சூசா நகரில் தாரியஸின் தலையற்ற கற்சிலை ஒன்று கண்டெடுக்கப்பட்டது. அச்சிலை எகிப்தில் செய்யப்பட்டது. அதன்மேல் பழம்பாரசீகம், எலாமியம், பாபிலோனியம் ஆகியவை ஆப்பெழுத்திலும், எகிப்தியம் படவெழுத்திலும் பொறிக்கப்பட்டுள்ளன. முத்ராயவில் இச்சிலையைச் செய்யுமாறு தாரியஸ் ஆணையிட்டதாகப் பாரசீக வாசகம் தெரிவிக்கிறது.

அரபியில் 'மிஸ்ர்' நிலைபெற்றது. குர்ஆனும் நாட்டை இப்பெயராலேயே குறிப்பிடுகிறது. அரபு வெற்றிகளுக்குப் பின் இச்சொல்லுக்குப் படைநகரம், பெருநகரம் என்ற பொதுப்பொருளும் வழங்கியது. பஸ்ரா, கூஃபா போன்றவை இவ்வகை நகரங்கள். எகிப்தில் எழுந்த படைநகரம் புஸ்தாத்; அதுவும் மிஸ்ர் எனப்பட்டது. 969இல் பாத்திமியர் அதன் அருகே அல்-காஹிரா, அதாவது கெய்ரோவை நிறுவியபோது பெயர் அதற்கும் தொடர்ந்தது. இன்றும் எகிப்தியர் பேச்சில் மஸ்ர் என்பது நாடும் ஆகும், தலைநகரும் ஆகும். அலெக்சாந்திரியாவின் முதன்மை ரயில் நிலையத்துக்கு 'மஹத்தத் மஸ்ர்' என்று பெயர். மஸ்ர் நிலையம் என்பது பொருள்.

கிழக்கே சென்ற வணிகரும் இப்பெயரையே கொண்டு சென்றனர். 1225இல் சீன அதிகாரி ஜாவ் ருகுவா எழுதிய அயல்நாட்டுக் குறிப்புகளில் எகிப்து 'வூஸிலி' என்று வருகிறது. அது மிஸ்ரின் ஒலிபெயர்ப்பு. இந்தி, உருது மொழிகளில் நாட்டின் பெயர் மிஸ்ர். வடஇந்தியாவில் கற்கண்டுக்கு வழங்கும் மிஸ்ரி என்ற சொல்லையும் இதனோடு இணைப்பர். துருக்கிய மொழியில் 'மிசிர்' எகிப்தையும் குறிக்கும், மக்காச்சோளத்தையும் குறிக்கும். மக்காச்சோளம் அமெரிக்கப் பயிர். ஆனால் துருக்கியர் அதை எகிப்தின் தானியம் என்று பெயரிட்டுவிட்டனர்.

ஒரே கல்லில் இரு பெயர்கள்

உள்ளூர்ப் பெயரும் அயலார் பெயரும் எப்படி அருகருகே வாழ்ந்தன என்பதற்குக் கி.மு. 196இல் வெட்டப்பட்ட ரொசெட்டா கல் சான்று. மெம்பிஸில் கூடிய குருமார் ஐந்தாம் தாலமி மன்னருக்காக எடுத்த தீர்மானம் அதில் படவெழுத்து, தெமோத்திக், கிரேக்கம் ஆகிய மூன்று எழுத்துகளில் உள்ளது. கிரேக்கப் பகுதி நாட்டை ஐகுப்தோஸ் என்கிறது. மக்களின் அன்றாட எழுத்தான தெமோத்திக் பகுதியோ கெமெத்தின் பிற்கால வடிவத்தைச் சொல்கிறது. ஒரே ஆணை, ஒரே நாடு, இரண்டு பெயர்கள். 1799இல் கண்டெடுக்கப்பட்ட இக்கல்லின் துணையோடு 1822இல் ஷாம்போலியன் படவெழுத்தைப் படிக்கும் வழியைக் கண்டார். அதன்பிறகே கெமெத் என்ற பெயர் கற்களிலிருந்து மீண்டும் உலகின் காதில் விழுந்தது.

அரசின் பெயராக

1922இல் எகிப்து முடியாட்சி நாடாக விடுதலை பெற்றது, 1953இல் குடியரசானது. 1958இல் சிரியாவுடன் இணைந்தபோது நாட்டுக்கு ஐக்கிய அரபுக் குடியரசு என்று பெயர் சூட்டப்பட்டது. 1961இல் சிரியா பிரிந்த பின்பும் அப்பெயரையே எகிப்து வைத்துக்கொண்டது. ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக வழங்கிய மிஸ்ர், 13 ஆண்டுகள் சொந்த நாட்டின் அதிகாரப்பூர்வப் பெயரில் இல்லை. அன்வர் சதாத் ஆட்சியில், 1971இல், 'ஜும்ஹூரிய்யத் மிஸ்ர் அல்-அரபிய்யா', அதாவது எகிப்து அரபுக் குடியரசு என்ற பெயரோடு அது திரும்பியது.

தமிழில்

எகிப்தோடு தமிழருக்கு இருந்த தொடர்பு பழையது. செங்கடல் கரையில் உள்ள குசேர் அல்-காதிமில் கிடைத்த பானை ஓடுகளில் கணன், சாதன் என்ற பெயர்களும் 'பானை ஒறி' என்ற சொற்களும் தமிழ்-பிராமியில் உள்ளன. பெரெனிகேவில் கிடைத்த ஓட்டில் 'கொற்றபூமான்' என்ற பெயரை ஐராவதம் மகாதேவன் படித்தார். முசிறியிலிருந்து அலெக்சாந்திரியா வரை சரக்கு கொண்டுசெல்வது பற்றிய கி.பி. 2ஆம் நூற்றாண்டு ஒப்பந்தம் ஒன்று பாப்பிரசில் எழுதப்பட்டு, இன்று வியன்னாவில் இருக்கிறது. மேற்கிலிருந்து மரக்கலங்களில் வந்தவர்களைச் சங்க நூல்கள் யவனர் என்கின்றன.

தற்காலத் தமிழில் நாட்டின் பெயர் இரண்டு வாயில்களின் வழியே வந்தது. ஐரோப்பியரோடு வந்தது எகிப்து. தமிழ் விவிலியமும் பாடநூல்களும் அதையே ஆளுகின்றன. விவிலியத்தின் தொடக்கநூல் வம்ச வரலாற்றில் காமின் மகனாக மிஸ்ராயீம் என்ற எபிரேய வடிவமும் வருவதால், இரு வேர்களும் ஒரே நூலில் கிடைக்கின்றன. தமிழ் முஸ்லிம்களின் சமய நூல்களில் அரபி வழிவந்த மிஸ்ர் வழங்குகிறது. யூசுப் நபியின் கதையை மிஸ்ர் நாட்டில் நடந்ததாகக் கேட்டு வளர்ந்த தமிழரும், யோசேப்பின் கதையை எகிப்தில் நடந்ததாகக் கேட்டு வளர்ந்த தமிழரும் அறிந்தது ஒரே கதை, ஒரே நாடு.

பெயர்கள் காட்டுவது

இம்மூன்று பெயர்களையும் ஒப்பிட்டால், பெயரிட்டவர் நின்ற இடம் தெளிவாகத் தெரிகிறது. வயலில் நின்ற உழவர் மண்ணின் நிறத்தைச் சொன்னார். பாலையைக் கடந்து வந்த அண்டை நாட்டவர் எல்லையைச் சொன்னார். கடல்வழி வந்த வணிகர் காதில் விழுந்த பெருங்கோயிலின் பெயரை நாட்டுக்கே சூட்டினார். ஒன்றை மெய்யான பெயர் என்றும் மற்றவற்றைப் பிழை என்றும் தள்ள இயலாது. மூன்றும் பார்த்ததைப் பார்த்தபடி சொன்னவை. மூன்றையும் சேர்த்துப் படித்தால்தான் அந்நாட்டின் வரலாறு முழுமையாகப் புலப்படும்.

கெமெத் என்ற பெயருக்குக் காரணமான கரிய வண்டல் இன்று வயல்களுக்கு வருவதில்லை. 1970இல் கட்டி முடிக்கப்பட்ட அஸ்வான் உயர் அணையின் பின்னே, நாசர் ஏரியின் அடியில் அது படிந்துகொண்டிருக்கிறது.